அழுத்தக்காரி

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அடையாள அட்டையில் அது எழுத்துப்பிழையோடு பத்திரமாக இருக்கிறது. புழக்கத்தில் இருந்தது அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் கொதிக்கிற பால் கையில் கொட்டி, முழங்கை வரை கொப்புளம் கிளம்ப, அதை நீளக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்து, சாயங்காலம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடமும் எழுதிய பிள்ளை அவள். கொப்புளம் உடைந்து சட்டை தோலோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. "வாயைத் திறக்கிறாளா பாரு, அழுத்தக்காரி!" என்று அக்கா தலையில் ஒரு குட்டு வைத்தாள். குட்டின் வலி அன்றே போய்விட்டது. பெயர் போகவில்லை.

பிற்காலத்தில் அவள் பார்த்த வேலைக்கு அது பட்டப்பெயராக இல்லை, பட்டமாகவே இருந்தது. பிறர் வீட்டில் தங்கி, பிறர் குழந்தையை வளர்ப்பது அவள் தொழில். ஒரு வீட்டுக்குள்ளேயே படுத்து எழுகிறவள் அந்த வீட்டின் சண்டை, சமாதானம், குறட்டை எதையும் அறியாமல் இருக்க முடியாது. அறிந்ததை அறியாத மாதிரி இருக்கத்தான் முடியும். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அவளை வீடுகளுக்கு அனுப்பிவைத்த ஏஜென்சி, ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஏஜென்சி என்றால் ஒரு மேஜை, இரண்டு போன், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் பெட்டியும் கையுமாகக் காத்திருக்கும் பெண்கள், இவ்வளவையும் சூழ்ந்துகொண்டு கீழேயிருந்து படியேறி வரும் ரப்பர் வாசனை. நடத்துகிற அம்மாவை எல்லோரும் மேடம் என்றார்கள். குழந்தைக்கு ஆள் தேடுகிறவர்கள் போனில் கேட்பதெல்லாம் மேடத்துக்கு மனப்பாடம். ஆள் சுத்தமாக இருக்க வேண்டும். கைநீளம் கூடாது. இருமல் கூடாது. எந்நேரமும் செல்போனை நோண்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிறகு, படித்தவர்கள் ஆயிற்றே, தொண்டையைச் செருமிக்கொண்டு மனநலத்துக்கும் வருவார்கள். "கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கணும் மேடம்." அத்தோடு சரி. தன் குழந்தையை நாள் முழுக்க ஒப்படைக்கப்போகும் மனுஷியின் உள்ளத்தைச் சோதிக்க மனித குலம் அதுவரை கண்டுபிடித்திருந்த கருவி, பல்வரிசை ஒன்றுதான்.

மேடமும் நாற்காலிகள் பக்கம் திரும்பி, "எங்க, எல்லாரும் சிரிங்க பார்ப்போம்" என்பார்.

அழுத்தக்காரி நன்றாகவே சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் முந்தைய வீட்டில் அவளை எடுத்தார்கள். அங்கே ஒரு பெண் குழந்தையைக் கைக்குழந்தையாக வாங்கி, பள்ளிக்கூடம் சேர்க்கும் வரை வளர்த்தாள். பாப்பாவுக்குப் பேச்சு வந்தபோது அது அவளையே அம்மா என்று கூப்பிட்டது. முதலில் வீட்டாருக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு வேடிக்கையாக இல்லை. ஒரு நாள், பாப்பா பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். கைப்பை ஒன்றும் பரிசாகக் கொடுத்தார்கள்.

"பாப்பா கேட்டா, கடைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிக்கிறோம். அழுகை இல்லாம முடிஞ்சிடும்" என்றார் வீட்டுக்காரர். யாருடைய அழுகை என்று சொல்லவில்லை.

அவள் அக்கா வீட்டுக்கு வந்தாள். இரண்டே அறை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. முதலில் களைப்பு என்றார்கள். அப்புறம் சோம்பல் என்றார்கள். கொஞ்ச நாள் போனதும் திமிர் என்றார்கள். வியாதிக்குப் பெயர் வைப்பதில் நம்மவர்கள் எப்போதுமே தாராளம். சாப்பாடு மண்ணாக இருந்தது. தலை வாரத் தோன்றவில்லை. யாராவது பேசினால், அந்தப் பேச்சு கிணற்றுக்கு மேலேயிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. ஒரு நாள், யாரும் எதுவும் கேட்காமல், அவளாகவே வாயைத் திறந்தாள்.

"கடைக்குப் போனவ இன்னும் வரலையேன்னு அது வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கும்ல அக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். அக்கா அன்றைக்கே அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மனநல டாக்டரின் அறையும் கண் டாக்டரின் அறையும் ஒரே நடைக்கூடத்தில் எதிரெதிரே இருந்தன. "கண்ணுல கொஞ்சம் கோளாறு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ள அது மிகவும் வசதியாகப் போயிற்று. கட்டடத்தை வரைந்த புண்ணியவான் மனித சுபாவம் அறிந்தவன்.

டாக்டர் இது வியாதி என்றார், திமிர் இல்லை என்றார், மாத்திரை எழுதினார். மெல்ல மெல்ல அவள் கிணற்றிலிருந்து மேலே வந்தாள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவள், "உப்பு கம்மி" என்றாள். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, "ஓ, மகாராணிக்கு ருசி கேக்குதா இப்போ!" என்று கத்தினாள்.

வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது கூடவே இதையும் சொன்னார்: "மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. மாசம் ஒரு தடவை வந்து காட்டுங்க. இது திரும்பி வரலாம். வந்தா முதல்ல உங்களுக்குத் தெரியாது, கூட இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அதனால கூட இருக்கிறவங்ககிட்ட சொல்லி வைங்க."

சிக்கல் அங்கேதான் இருந்தது. அவள் வேலை வீட்டோடு தங்குகிற வேலை. கூட இருக்கப்போகிறவர்கள் முதலாளிகள். சொன்னால் கூட இருக்க விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் அவர்கள் கூட இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இந்த முடிச்சை அவிழ்க்க டாக்டருக்கு நேரமில்லை. வெளியே வரிசை கண் டாக்டரின் கதவு வரை நீண்டிருந்தது.

அவிழ்த்தவர் மேடம்தான். "இத்தனை மாசம் எங்க இருந்தேன்னு கேப்பாங்களே? டைபாய்டுன்னு சொல்லிடுவோம்."

"பொய்யாச்சே மேடம்."

"டைபாய்டு கௌரவமான வியாதிம்மா. ராஜாவுக்கும் வரும், மந்திரிக்கும் வரும். நீ சொல்றதைச் சொன்னா, நாளைக்கு இந்த போன் அடிக்காது. அப்புறம் நாம எல்லாரும் கீழ போய் டயர்தான் உருட்டணும்."

புது வீட்டில் அப்பா ஒரு கம்பெனியில் மனிதவள அதிகாரி. அம்மா பல் டாக்டர். குழந்தை இன்னும் உட்காரப் பழகாத ஆண் பிள்ளை. வீட்டில் எல்லோரும் அதன் அசைவுக்கு ஓடிக்கொண்டிருந்ததால், அழுத்தக்காரி மனசுக்குள் அதற்குச் சின்ன முதலாளி என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

சார் நேர்முகத் தேர்வை அலுவலகத்தில் நடத்துவது போலவே நடத்தினார். சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் முதுகு ஆபீஸ் நாற்காலியில் இருந்தது.

"உங்க பலம் என்னக்கா?"

"ரெண்டு வாளித் தண்ணியை ஒரே நேரத்துல தூக்குவேன் சார்."

"சரி... பலவீனம்?"

"இடது முட்டி."

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பார்க்கிறீங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தம்பி ஸ்கூலுக்குப் போயிருக்கும் சார். நான் வேற வீட்ல இருப்பேன்."

டாக்டரம்மா தலை நிமிர்ந்து பார்த்தார். சார் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நவீன நிர்வாகத்தின் மகுடம் போன்ற கேள்வி அது.

"மன அழுத்தத்தை எப்படிக் கையாளுவீங்க?"

அந்தச் சொல் அவளுக்குத் தெரியாததல்ல. ஆஸ்பத்திரி நடைக்கூடத்துச் சுவரில் அதைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழேதான் பெஞ்சு. மாதக்கணக்கில் அதன் மேல் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் அழுத்தம் என்ற ஒரு சொல் கைக்குக் கிடைத்ததும், அதைப் பிடித்துக்கொண்டு மனசிலிருந்து ரத்தத்துக்குத் தாவினாள்.

"அழுத்தமா சார்? அதெல்லாம் நார்மல். போன மாசம்கூடக் கையில பட்டை கட்டிப் பார்த்தாங்க."

சார் வாய்விட்டுச் சிரித்தார். "அக்கா, நீங்க சொல்றது ரத்த அழுத்தம்."

"ஓ, இது வேறயா?" என்று அவளும் சிரித்தாள். இவ்வளவு வெள்ளந்தியான ஆளுக்கு மன அழுத்தம் எங்கேயிருந்து வரும் என்று சார் முடிவுகட்டியது அவர் முகத்திலேயே தெரிந்தது. டாக்டரம்மா அந்தச் சிரிப்பைத் தொழில்முறையில் பார்த்தார். கடைவாயில் ஒரு சொத்தை இருப்பதைக் கவனித்தார். அதற்கு அப்பால் பார்க்க அவருக்குப் படிப்பு இல்லை.

டைபாய்டைத்தான் இருவரும் விடவில்லை. குழந்தை இருக்கிற வீடாயிற்றே. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இல்லாத வியாதி இல்லை என்று சான்றிதழ் வந்தது. வீடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

அவளுக்குக் கொடுத்த அறை சமையலறைக்குப் பின்னால் இருந்தது. துணி துவைக்கும் மெஷின், இஸ்திரி மேஜை, மடித்த துணிகளின் அலமாரி, இவற்றோடு நான்காவது சாமானாக அவள் கட்டில். பகலில் அங்கே குளிர்ச்சி என்று சின்ன முதலாளியின் தொட்டிலும் அங்கேதான். அதனால் அலமாரி மேல் ஒரு கேமரா. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, குழந்தை அழுதால் யார் வேண்டுமானாலும் உடனே உள்ளே வர முடிய வேண்டும் என்பதற்காக.

கேமராவுக்குக் கண் மட்டுமல்ல, வாயும் உண்டு. சார் அலுவலகத்தில் கூட்டங்களுக்கு நடுவே போனில் எட்டிப் பார்ப்பார். அவள் பால் புட்டியைக் கழுவிக் கொதிக்க வைத்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் வரவழைத்துவிட்டு, ஒரு கணம் சும்மா உட்கார்ந்தால், அலமாரி மேலிருந்து அசரீரி ஒலிக்கும்: "அக்கா, கொஞ்சம் சிரிச்சுப் பேசுங்க. தம்பிக்கு மூளை வளர்ற வயசு."

அவள் சிரித்துப் பேசுவாள். தம்பிக்கு மூளை வளரும்.

எல்லோருக்கும் முகம் ஒன்று வேலைக்கு, ஒன்று வீட்டுக்கு. வீட்டோடு வேலை பார்க்கிறவளுக்கு முதலாவதைக் கழற்றி மாட்ட ஆணி கிடையாது. குளியலறையில் மட்டும் கேமரா இல்லை. அங்கே போனால் அசரீரி, "அக்கா எங்க போயிட்டீங்க?" என்று கேட்கும்.

விடுமுறை பற்றி அவள் ஒரு தடவை கேட்டாள். சார் உண்மையிலேயே மனம் புண்பட்டுப்போனார். "உங்களை நாங்க வேலைக்காரி மாதிரியா பார்க்கிறோம்? நீங்க எங்க வீட்டு மனுஷி அக்கா." வீட்டு மனுஷிக்கு ஏது லீவு? அந்த உறவின் பெருமையில் ஞாயிற்றுக்கிழமைகள் கரைந்துபோயின.

மாத்திரை தீரப்போகிற சமயத்தில், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். எந்த டாக்டர் என்றதும், வாய் பழகிய பாதையில் போனது: "கண் டாக்டர் சார்."

"கண்ணுதானே அக்கா? இந்த மாசம் ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. அடுத்த மாசம் போய்க்கலாம். என்ன, படிக்கவா போறீங்க?" என்று சார் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண் காத்திருக்கும், யாருக்கும் தெரியும். எது காத்திருக்காதோ அதன் பெயரை அவள் சொல்லவில்லை.

மாத்திரை தீர்ந்தது. கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது பிடிபடாமல் போயிற்று. குழாயைத் திறந்தால் மூட மறந்தாள். சின்ன முதலாளியின் சட்டைகளை மடித்து, கலைத்து, திரும்ப மடித்தாள். அசரீரிக்கு மட்டும் தவறாமல் சிரித்தாள்.

அன்று காலை, இருவரும் வேலைக்குப் போன பிறகு, குளியலறையில் குழந்தையைக் குளிப்பாட்ட உட்கார்ந்தாள். தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர், இடது கை குழந்தையின் கழுத்துக்கு அடியில், வலது கை சோப்பில். எதிரே சுவர். திடீரென்று தண்ணீர் முகத்தில் தெறித்தபோதுதான், சோப்பு கையை விட்டுப் போயிருப்பதும், தண்ணீர் ஆறிப்போயிருப்பதும், தான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததும் அவளுக்கு உறைத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இடது கை இருந்த இடத்திலேயே இருந்தது. அது அவளைக் கேட்டு இருக்கவில்லை, பழக்கத்தில் இருந்தது. குழந்தை காலை உதைத்துத் தண்ணீரை அடித்துக் கெக்கலித்துக்கொண்டிருந்தது.

அவள் குழந்தையைத் தூக்கித் துவட்டி, சட்டை போட்டு, தரையில் விரித்த பாயில் படுக்க வைத்தாள். கட்டிலில் போடவில்லை. தன் கையை அவள் நம்பவில்லை. நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்றாள் அக்கா.

"ஆகல."

"அப்போ வாயை மூடிக்கிட்டு இரு. அதுதான் உனக்கு நல்லா வருமே! சொன்னேன்னு வை, குழந்தையைக் கொல்லப் பார்த்தவன்னு ஊரெல்லாம் பரப்புவாங்க. மாத்திரையை நான் எப்படியாவது வாங்கிக் கொண்டாறேன்."

"இன்னைக்கு ஆகல. நாளைக்கு?"

அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. மேடத்தைக் கூப்பிட்டபோது அவர் சட்டென்று வழி சொன்னார்: "டைபாய்டு திரும்பி வந்திருச்சுன்னு சொல்லிட்டுக் கிளம்பி வந்துடு. நான் வேற ஆளை அனுப்பிக்கிறேன். பேர் கெடாது."

நல்ல யோசனைதான். பேர் கெடாது. அடுத்த வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் இருவரும் வந்து, டாக்டரம்மா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டதும், அவள் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"சார், அன்னைக்கு அழுத்தம் பத்திக் கேட்டீங்களே. நான் வேணும்னே தப்பாச் சொன்னேன். எனக்கு அது இருக்கு. டைபாய்டு வரவே இல்லை, இதுதான் வந்துச்சு. கண் டாக்டர்னு சொன்னதும் பொய். மாத்திரை தீர்ந்துபோச்சு. இன்னைக்குத் தம்பியைக் குளிப்பாட்டும்போது கொஞ்ச நேரம் நான் நானா இல்லை. கையை விடல. ஆனா பிடிச்சுக்கிட்டு இருக்கேன்னும் எனக்குத் தெரியல."

வாழ்நாளில் ஒரே மூச்சில் அவள் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

டாக்டரம்மா குழந்தையின் சட்டையைக் கழற்றி, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குழந்தைக்கு அது விளையாட்டாக இருந்தது.

சார் எழுந்து நின்றார். "இவ்வளவு பெரிய விஷயத்தை மறைச்சிருக்கீங்க. நாங்க எவ்வளவு முறையா விசாரிச்சோம்! ரத்தப் பரிசோதனை வரைக்கும் எடுத்தோமே!"

"அது டைபாய்டுக்கு சார்."

சார் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. நாங்க யோசிக்கிறோம்" என்றார். யோசிக்கிறோம் என்ற சொல்லை அவள் பல வீடுகளில் கேட்டிருக்கிறாள். அதற்கு அகராதியில் என்ன போட்டிருந்தாலும், பொருள் பெட்டி என்பதுதான். அறைக்குப் போய்த் துணிகளை எடுத்து வைத்தாள். தொட்டிலை அவர்கள் தங்கள் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் சார் லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அன்று நடந்தது பின்னால் டாக்டரம்மா வாயாலேயே வெளிவந்தது. ஒரு நோயாளிக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அது பிடிக்கும் வரை சும்மா இருப்பானேன் என்று போனில் வீட்டைப் பார்த்திருக்கிறார். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மனிதவள அதிகாரி மடித்த துணிகளுக்கு நடுவே, ஒரு கையில் புட்டி, மறு கையில் அதன் மூடி, முகம் வெளிறி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மாவால் அடக்க முடியவில்லை. அசரீரி ஒலித்தது: "கொஞ்சம் சிரிச்சுப் பேசுங்க. தம்பிக்கு மூளை வளர்ற வயசு."

அழுத்தக்காரி மத்தியானம் திரும்பி வந்தபோது கூடத்தில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெட்டி. மேடம் அனுப்பிய ஆள். டாக்டரம்மாவும் அரை நாளோடு வந்துவிட்டிருந்தார். அழுத்தக்காரி யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு நின்றாள். கூடத்துப் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"உங்களுக்கு மனசு சரியில்லைன்னா யார்கிட்ட சொல்லுவீங்க?" டாக்டரம்மாவின் குரல்.

"எனக்கு அதெல்லாம் வராது மேடம். நான் எப்பவும் ஜாலி."

"ஒரு நாள்கூட வந்ததில்லையா?"

"ஒரு நாள்கூட இல்லை மேடம்." பாவம், அவளும் டயர் கடை மாடியில் பயின்றவள்தான். சிரித்த முகத்துக்கு மேல் எதையும் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"குழந்தை கையிலேர்ந்து நழுவிடுச்சு, யாரும் பார்க்கல. என்ன பண்ணுவீங்க?"

"என் கையிலேர்ந்து நழுவாது மேடம்."

அவளை டீ குடிக்கச் சொல்லி, தெரியப்படுத்துகிறோம் என்று அனுப்பிவைத்தார்கள். கதவு சாத்திய பிறகு சார் தணிந்த குரலில் ஆரம்பித்தார். "இவங்களே பரவாயில்லையே. பாசிட்டிவா இருக்காங்க."

"எனக்கு இந்த மாதிரி ஆளுங்களைக் கண்டாத்தான் பயம்" என்றார் டாக்டரம்மா. "வலிக்கவே இல்லை டாக்டர்னு சொல்லுவாங்க. கன்னம் வீங்கிச் சீழ் வெச்சப்புறம் வருவாங்க."

"பல்லு வேற, குழந்தை வேற. இது ரிஸ்க்."

"ரிஸ்க்தான். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நேத்து நடந்தது நமக்கு எப்படித் தெரிஞ்சுது? பாத்ரூம்ல கேமரா இல்லை. அவங்க சொன்னாங்க, அதனால தெரிஞ்சுது."

"அப்போ பாத்ரூம்லயும் ஒண்ணு..." என்று ஆரம்பித்த சார், மனைவியின் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கினார்.

டாக்டரம்மா சமையலறைக்கு வந்தார். "டாக்டர் என்ன சொன்னார்?"

"மாத்திரை நிறுத்தினதுக்குத் திட்டினார். திரும்ப ஆரம்பிச்சிருக்கார். பிடிக்கிறதுக்குச் சில வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் தனியா குளிப்பாட்ட வேணாம்னு சொன்னார். குழந்தை வேலையே விடணுமான்னு கேட்டேன். வேண்டாம், ஆனா சொல்லாம செய்யாதீங்கன்னார்." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குச் சந்தேகம்னா நீங்களே அவர்கிட்ட வந்து பேசலாமாம்."

"பேசறேன்." டாக்டரம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இது கருணையா, கணக்கா, பயமா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. "குளிப்பாட்டறதை நான் பார்த்துக்கிறேன், கிளினிக் போறதுக்கு முன்னாடி. ஆஸ்பத்திரி நாளை நாம மாத்தவே கூடாது. ஞாயித்துக்கிழமை உங்களுக்கு. நாள் எப்படி இருக்குன்னு தினம் கேப்பேன், நிஜத்தைச் சொல்லணும். ரெண்டு மாசம் பார்க்கலாம். அதுக்கு மேல இப்ப என்னால சொல்ல முடியாது அக்கா."

"சரிம்மா."

"உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

வழக்கமாக ஒன்றும் வேண்டாம் என்பவள், இந்தத் தடவை யோசித்தாள். பின்னால் வந்து நின்ற சாரையும் பார்த்துச் சொன்னாள்: "என் ரூம்ல கேமரா வேணாம். தம்பி தூங்கற இடத்துல வெச்சுக்கோங்க. அப்புறம், கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்."

ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்கா வீட்டுக்கு அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது, தச்சர் வந்தார். கருவிப் பையைக் கீழே வைத்து, கதவைத் தட்டிப் பார்த்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். வீடு வீடாகப் போகிறவருக்கே உரிய அக்கறையில்லாத குரலில் கேட்டார்:

"தாழ்ப்பாள் உள் பக்கமா, வெளிப் பக்கமா?"

ஒரு தச்சர் கேட்கக்கூடிய மிகச் சாதாரணமான கேள்வி. ஆனால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். சார் கண் ஒரு தடவை தொட்டில் இருக்கும் அறைப் பக்கம் போய்த் திரும்பியது. அதை அழுத்தக்காரி பார்த்தாள். அவர் மேல் கோபம் வரவில்லை. பெற்றவர் அல்லவா. ஆனால் கதவிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள்.

"சொல்லுங்க சார், எந்தப் பக்கம்?" என்றார் தச்சர்.

"உள் பக்கம்" என்றார் டாக்டரம்மா.

துளை போடும் சத்தத்தில் சின்ன முதலாளி விழித்து அழுதார். அழுத்தக்காரியின் கால் தானாகக் கிளம்பியது. டாக்டரம்மா, "நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னாலேயே சார் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார், மூடியை மறந்துவிட்டு.

தச்சர் கடைசித் திருகாணியை முடுக்கி, மரத்தூளை ஊதிவிட்டு எழுந்தார். "உள்ள போய் ஒரு தடவை போட்டுப் பாருங்கம்மா. இறுக்கமா இருந்தா சீவித் தரேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது.

"சரியா விழுதாம்மா?"

"விழுது."

தச்சர் காத்திருந்தார். கருவிகளைப் பையில் போட்டார். மறுபடி காத்திருந்தார். "அப்போ திறங்கம்மா, நான் கிளம்பணும்ல?"

"நீங்க கிளம்புங்கண்ணே" என்றது உள்ளேயிருந்து குரல். "நான் கொஞ்ச நேரம் கழிச்சுத் திறக்கிறேன்."